ஒரே தடவை கேட்கும் ஊர்

அண்ணா,

செஞ்சி நகரத்துக் குடிமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், உன் குளிர்கோட்டுக்குள் நம் வீட்டுப் பூனை மூன்று குட்டிகள் போட்டிருக்கிறது. தாயும் சேய்களும் நலம். பார்வை நேரம் காலை ஆறு முதல் எட்டு வரை.

போலந்திலிருந்து உன் பெட்டியோடு திரும்பி வந்த கோட்டு. இந்த வெயிலில் யார் போடுவது என்று அம்மா அதைப் பீரோவுக்கு அடியில் தள்ளிவைத்திருந்தாள். குட்டிகளைப் பார்க்க அதை விரித்தால், உன் தைல வாசம் இன்னும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரையும் சிரிக்கவைத்தே எனக்கு அசதியாகிவிட்டது.

நீ கிளம்பியபோது நான் பத்தாம் வகுப்பு. பாஸ்போர்ட்டையே கண்ணால் பார்க்காதவன், யூடியூப் பார்த்து, புது நாட்டில் குடியேறுகிறவன் செய்யக்கூடாத தவறுகள் என்று ஒரு பக்கம் எழுதி உன் பெட்டி மூடிக்குள் ஒட்டினேன். நம்மாட்களோடு மட்டுமே ஒட்டிக்கொண்டு கிடக்காதே. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. வெயிலடிக்கிறதே என்று ஏமாந்து கோட்டை விடாதே. ஏழாவது: அங்கே எதையும் ஒரே தடவைதான் கேட்பார்கள், வேண்டுமென்றால் உடனே சொல்லிவிடு.

அதைப் படித்துவிட்டு, "இன்னாடா இது, மொத தடவையே ஆமான்னா, சோத்துக்கு அலையறான்னு நெனைக்க மாட்டாங்களா?" என்றாய்.

நம் வளர்ப்பு அப்படி. சிங்கவரம் அத்தை சாப்பிடக் கூப்பிட்டால், "இப்பதான் சாப்ட்டேன் அத்த" என்போம். இரண்டாவது தடவையும் வேணாம். மூன்றாவது தடவை அத்தை கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பாள். அதற்குள் பசியில் காது அடைத்திருக்கும்.

போன முதல் மாதமே மாட்டிக்கொண்டாய். நீ வேலைசெய்த கிடங்கின் சூப்பர்வைசர் அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டு, சூப்பு வேண்டுமா என்றார். நீ வேண்டாம் என்றாய். அவர் சட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

"அவங்க சாப்டறத பாத்துட்டு வந்தேன்டா. அவ்ளோதான் விருந்து."

"ஏழாவது ரூல எடுத்துப் படிணா" என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுத்த குளிருக்கு உனக்கு நெஞ்சில் சளி கட்டியது. அறையில் கூட இருந்த அந்த ஊர்க்காரன் வேலைக்குக் கிளம்பும்போது, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டானாம். நீ வேண்டாம் என்றாய். அவன் நம்பிவிட்டான். திரும்பிவந்து ஆம்புலன்சைக் கூப்பிட்டதும் அவன்தான். அதற்குள் நேரம் கடந்திருந்தது. பிற்பாடு நைனாவிடம் போனில் அழுதான். அவன் இங்கிலீஷை அவருக்குத் தமிழில் சொன்னது நான்.

இப்போது நான் ஊரில் பெரிய ஆள். வெளிநாடு போகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். போன வாரம் தொண்டூர்ப் பையன் ஒருவன் என் பட்டியலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். "எங்கண்ணன் ஏழாவது ரூல கேக்கல" என்று மேதாவி மாதிரி அவனிடம் சொன்னேன். வீட்டில் யார் வேண்டாம் என்றாலும் இன்னும் இரண்டு தடவை கேட்காமல் நான் விடுவதில்லை. மாத்திரை வேணுமா, மாத்திரை வேணுமா என்று கேட்டே நைனாவுக்குத் தலைவலி வரவைக்கிறேன். "இவனுக்கு இன்னா ஆச்சு?" என்கிறாள் அம்மா.

என்ன ஆச்சு என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவன் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீ போன் பண்ணினாய். உனக்கு மூச்சு இரைத்தது.

"இன்னாணா, ஒடம்பு சரியில்லயா? நைனாகிட்ட குடுக்கட்டா?"

"வேணாம்டா."

டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. சரிணா என்று வைத்துவிட்டேன்.

அந்த ஊர்க்காரனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் அண்ணா. நானும் ஒரே தடவைதான் கேட்டேன்.