தட்டினால் விட்டுவிட வேண்டும்

போன வியாழக்கிழமை ஒரு லாரிக்காரர் கடைக்கு வந்து பச்சைத் தார்ப்பாய் கேட்டார். பிரித்துப் போட்டேன். கனம் பார்க்கிறேன் என்று குனிந்து, உள்ளங்கையால் பட்பட்டென்று இரண்டு முறை அடித்தார். அவ்வளவுதான், கையிலிருந்த கயிற்றுச் சுருளைக் கீழே போட்டுவிட்டேன். "இன்னா பாய், ஒடம்பு சரியில்லியா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். நீ போய் ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. அந்தச் சத்தம் கேட்டால் இன்னும் கையில் பிடித்திருப்பதை விட்டுவிடுகிறேன்.

நீயும் தார்ப்பாய் கேட்டுத்தான் முதலில் வந்தாய். ஆனால் நீ அதைக் கையால் பார்க்கவில்லை. விரித்ததன்மேல் அப்படியே மல்லாக்க விழுந்தாய்! கவரைப்பேட்டை பஜாரில், வியாபார நேரத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு மனுஷன் இப்படி விழுந்தால் என்ன நினைப்பது? வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தோடு ஓடிவந்தேன். நீ எழுந்து சட்டையை உதறிக்கொண்டு, "வழுக்குது நைனா, கொஞ்சம் சொரசொரப்பா வேற காட்டு" என்றாய். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து எத்தனை கிலோ என்று கேட்டாய். தொண்ணூற்றெட்டு என்றேன், கோபமாகத்தான். "உன்ன மாதிரி ஒரு ஆளத்தான் தேடிக்கினு கீறேன். ஞாயித்துக்கெழமை காலைல ரைஸ் மில்லுக்கு வா, தூக்கிப் போட்டுப் பாக்கணும்."

நாற்பத்திரண்டு வயது எனக்கு அப்போது. பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்த குடும்பம். உன்னிடம் தூக்கிப் போடப்படுவதற்காக, மூடிக் கிடந்த அந்த மில்லை வாடகைக்குப் பிடித்து, தார்ப்பாய் விரித்து நீ நடத்திய ஜூடோ வகுப்புக்குப் பதினோரு வருஷம் வந்தேன். என் வீட்டில் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

பயிற்சி முடிந்து இட்லி தின்னும்போதுதான் உன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்வாய். பெரியபாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைக்கு ஃபிட்டராக வந்தவன் நீ. மெஷின் நிறுவ வந்த ஜப்பான் இன்ஜினியர் ஒருவர் தினமும் ஷிஃப்டுக்கு முன்னால் புல்தரையில் தனியாக விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தாராம். ஒரு வாரம் வேலி ஓரம் நின்று பார்த்திருக்கிறாய். எட்டாம் நாள் கை காட்டிக் கூப்பிட்டார். ஆறு மாதம் விழ மட்டும் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் கம்பெனி உன்னை இரண்டு வருஷம் ஜப்பானுக்கு அனுப்பியது. அங்கே ஒரு கிழவரின் ஜூடோ கூடத்தில் சாயங்காலமெல்லாம் தரை பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, பிறகு விழுந்திருக்கிறாய். "என்னவிட எளைச்ச கெழவனுங்கோ, நைனா! மூட்ட மாதிரி தூக்கிப் போட்டானுங்கோ."

ஒருநாள் ஒருவன் உன் கையைப் பூட்டு போட்டுப் பிடித்தபோது, தட்டினால் தோற்றதாக அர்த்தம் என்று வெட்கப்பட்டு நீ தட்டவில்லை. தோள் கழன்றது. கிழவர் ஒரு மாதம் உன்னோடு பேசவே இல்லையாம். அப்புறம் சொன்னாராம்: "நீ தட்டியிருந்தா அவன் விட்டிருப்பான். தட்டாம அவனப் பாவியாக்கிட்ட."

அதனால்தான் மில்லில் உனக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படிப் பிடிவாதம். பிடியில் இருப்பவன் இரண்டு முறை தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். உன்னிடம் நன்றாகக் கற்ற வெல்டர் ஒருவன், பேக்கிங் செக்‌ஷன் பெண் தட்டிய பிறகும் ஒரு நொடி பிடித்துக்கொண்டிருந்தான். அன்றே வெளியே அனுப்பினாய். ஒரு நொடிதானே, மன்னித்துவிடேன் என்று நான் சண்டை போட்டேன். "அந்த ஒரு நொடி அவளுது, நைனா. தட்டினா உட்டுடணும். ஏன் தட்னேன்னு கேக்கக்கூட உனக்கு ரைட்டு இல்ல" என்றாய்.

நீயோ தட்டுவதற்குக் கூச்சமே படமாட்டாய். நான் மேலே விழுந்து அமுக்கினால் சிரித்துக்கொண்டே முதுகில் பட்பட். நான் உருண்டு விலகிவிடுவேன். எத்தனை நூறு தடவை! இருட்டில் தட்டினாலும் அது உன் கை என்று சொல்வேன்.

அப்புறம் உன் நுரையீரலில் சளி கட்டி, மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். பதினோராம் நாள் என்னை ஐ.சி.யூ.வுக்குள் ஐந்து நிமிஷம் விட்டார்கள். வாயில் குழாய். கண் பாதி திறந்திருந்தது. உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ என் மணிக்கட்டில் தட்டினாய், இரண்டு முறை. சட்டென்று கையை விட்டேன், பழக்கம். என் பிடியைத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். நீ கட்டில் கம்பியில் தட்டினாய். இரண்டு. மறுபடியும் இரண்டு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யா அல்லாஹ், புரியாமலே இருந்திருக்கலாம்.

"சிஸ்டர், அவுரு தட்றாரு. உட்டுடச் சொல்றாரு" என்றேன். அந்தப் பெண் என்னைப் பாவமாகப் பார்த்தது. "அது தானா வர்ற அசைவு சார். டைம் ஆச்சு" என்றது.

வெளியே உன் மனைவி நின்றிருந்தாள். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்கலாமா, யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் அன்று காலை கேட்டிருந்தார். அவள் முடிவெடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, கண்ணத் தொறந்தாரா? இன்னா சொன்னாரு?" என் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: "கைய அசைச்சாரும்மா."

அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பெரியபாளையம் பவானி அம்மனுக்கு வேப்பிலையை உடுத்தி வேப்பஞ்சேலை கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். ஓடிப் போய்த் தொண்டையில் துளை போடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். நில்லும்மா என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. சொல்லவில்லை. உன்னைப் போகவிடு என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? தொழுகையிலும் என்ன கேட்பதென்று தெரியாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் இருந்தாய். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே வர எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று உன் மனைவி கடைக்கு வந்தாள். மில்லைச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டாளாம். டீ குடித்தாள். கிளம்பும்போது தயங்கி நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கு அவுரு கைய அசைச்சாருன்னு சொன்னீங்களே. எப்படின்னு ஒரு தபா காட்டுங்க. நான் பாக்கவே இல்ல."

கையைத் தூக்கினேன். கல்லாப் பெட்டியின்மேல் தட்டிவிடத்தான் கை போயிற்று. அவள் கண்ணைப் பார்த்தேன். விரல் நான்கையும் மெதுவாக மடக்கிக் காட்டினேன், யாரையோ பக்கத்தில் கூப்பிடுவதுபோல.

அவளும் தன் கையால் அதைச் செய்து பார்த்தாள். "என்னத்தான் கூப்ட்டிருக்காரு" என்றாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதும் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விட்டுவிடச் சொல்லித்தான் நீ என்னிடம் தட்டினாய். நான் அதை "வா" என்று மாற்றி அவளிடம் கொடுத்துவிட்டேன். இனி அவளிடமிருந்து அதைத் திருப்பி வாங்க என்னால் முடியாது.