சுசீலா சொன்ன சாக்கு

டிசம்பர் 11, 1994, ஞாயிறு

பனி. நேற்றுத் துவைத்த புடவை இன்னும் ஈரம். ஆராதனையில் இன்றும் கடைசி பெஞ்சு. கழுத்தில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்; மேல் ஸ்வரத்துக்குப் போனால் குரல் உடைகிறது. பதினாறு வருடம் முன்வரிசையில் நின்று பாடியவளுக்கு இந்தக் கதி. முதல் பாட்டைச் சுசீலா ரொம்பத் தாழ்ந்த சுருதியில் எடுத்துவிட்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம். ஆண்டவரே, மன்னியும்.

மாலை சுசீலாவே வந்தாள். பாடகர் குழுவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. தமிழ்ப் பெண், படித்தது கன்னட ஸ்கூல். பாதிப் பேச்சு கன்னடம். "அக்கா, வீடு வீடாப் பாடற கேரல் ரவுண்ட்ஸுக்கு வாங்க. ஆல்ட்டோல, அந்தக் கீழ்க்குரல்ல, ஆளே இல்ல." அரைமணி நேரம் என் புலம்பல்: தொண்டை, டாக்டர், யாரும் எட்டிப் பார்க்காதது. அவள் என் கையைப் பிடித்து, "சாக்கு அக்கா, சாக்கு" என்றாள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

12, திங்கள்

என் கஷ்டம் சாக்காமே. இன்னும் ஆறவில்லை. சாக்கு இல்லை என்று அவளுக்குக் காட்ட, காலையில் உட்கார்ந்து எழுதினேன்.

குரல் உடைகிறது. நிஜம். தாழ்ந்த ஸ்வரத்தில் உடைவதில்லை. பாடலாம் என்று டாக்டரும் சொன்னார்.

யாரும் வந்து பார்க்கவில்லை. வந்தவர்கள் ஏழு பேர். இரண்டு பேரை, தூங்குகிறாள் என்று வீட்டுக்காரரை விட்டுச் சொல்லவைத்துத் திருப்பி அனுப்பினேன்.

ஆல்ட்டோ எனக்குக் கௌரவக் குறைச்சல். இதை எழுதின கை என்னுடையதுதானா?

பேனாவை வைத்துவிட்டு ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். மூன்று மாதமாக என்னைப் பற்றியே பேசியிருக்கிறேன். ஆண்டவர் பேச இடமே கொடுக்கவில்லை. வெட்கம். ஆனாலும் மனம் அப்படி ஒரு லேசு. எழுந்து வீடு முழுக்கப் பெருக்கினேன்.

13, செவ்வாய்

தேவராஜ மார்க்கெட்டில் சுசீலா, கையில் கறிவேப்பிலை. "நீ சாக்குன்னு சொன்னது சரிதாம்மா" என்றேன். விழித்தாள்.

"எந்தச் சாக்கு? நான் போதும்னு சொன்னேன் அக்கா. அழுதது சாக்கு. கன்னடத்துல. ஆண்டவர் கிருபை சாக்கு அல்வா, போதும் இல்லையா?"

முப்பது வருடமாக மைசூர். கடைக்காரர் அள்ளிப் போடும்போது தினமும் நானே சொல்கிற வார்த்தை. நடு மார்க்கெட்டில் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவள் ஒன்று சொல்ல, ஆண்டவர் எனக்கு இரண்டு சொல்லியிருக்கிறார். தோத்திரம், தோத்திரம். வெள்ளி ரிகர்சல், ஆறு மணி. மஃப்ளர் தேட வேண்டும்.

18, ஞாயிறு

மண்டி மொஹல்லாவில் கேரல். குளிர். மஃப்ளர், சுக்குக் காபி, ஆல்ட்டோ. முதல் வீடு நன்றாகப் போனது. இரண்டாவது வீட்டில் குரல் உடைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றாவது வீட்டில் பாடினேன்.