இரண்டாம் ரீலில் எழுந்தவன்

சிகாமட்,
சுபானு வருஷம், கார்த்திகை 18.

அன்புள்ள மாப்பிள்ளை சின்னத்தம்பிக்கு,

சிகாமட்டிலிருந்து உன் மச்சான் வீரமுத்து எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் நலம் என்று எழுதினால் பாதி பொய். நலமில்லை என்று எழுதினால் நீ பயந்துவிடுவாய். ஆகவே இருக்கிறோம் என்று எழுதுகிறேன். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. என் தொப்பை போன இடம் தெரியவில்லை. உன் அக்காள் தனலெட்சுமி, இப்போதுதான் நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று இருந்த மாதிரி இருக்கிறீர்கள் என்கிறாள். வெள்ளைக்காரன் காலண்டரில் 1943 என்றால், ஜப்பான் காலண்டரில் இது 2603ஆம் வருஷம். அந்தக் கணக்கில் எனக்கு எழுநூற்று ஆறு வயது. புத்தி மட்டும் அந்தக் கடைசி ஆறிலேயே நிற்கிறது. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

ஐப்பசியில் காய்ச்சலோடு திரும்பி வந்த ஒருவர் உன்னைச் சயாமில் ரயில் பாதை போடும் ஒரு முகாமில் பார்த்ததாகச் சொன்னார். மெலிந்திருக்கிறாய், ஆனால் நடக்கிறாய் என்றார். நம் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கனகராஜை இப்போது அந்தப் பக்கத்துக்கு அனுப்புகிறார்கள். மருந்துப் பெட்டியின் அடியில் இந்தக் கடிதத்தை வைத்துக் கொடுக்கிறேன். வெள்ளைத்தாள் கிடைக்கவில்லை. பழைய சினிமா நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். திருப்பிப் பார்த்தால் "வீரமுத்துவின் விளக்கத்தோடு! வயிறு வலிக்கச் சிரிக்கலாம்!" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்காதே.

உனக்குப் படிக்கத் தெரியாது. கனகராஜ்தான் படித்துக் காட்டவேண்டும். ஒன்று கேட்கிறேன். உன் காதோடு படிக்க வேண்டாம். நம் தோட்டத்து ஆட்கள் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்களோ, அத்தனை பேரையும் கூட்டிவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல். காவல்காரன் என்ன என்று கேட்டால் பேய்க்கதை என்று சொல்லும்படி கனகராஜிடம் சொல்லியிருக்கிறேன். அது ஒன்றும் பொய்யில்லை.

முதலில் நல்ல சேதி. ஆவணி பத்தாம் தேதி உன் வெள்ளையம்மாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. உன் மூக்கு, அதற்கு என்ன செய்வது, வளர வளரச் சரியாகும் என்று தனலெட்சுமி ஆறுதல் சொல்கிறாள். தாயும் பிள்ளையும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். நீ போன மறுநாளே நாங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய் அவளை அழைத்துவந்துவிட்டோம். அவள் காய்ச்சலும் விட்டது. பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. அப்பா வந்து வைக்கட்டும் என்கிறாள். அதுவரை "ஏய்" என்றுதான் கூப்பிடுகிறோம். அதுவும் திரும்பிப் பார்க்கிறது.

மழை விடவில்லை. ஆறு ஏறி, என் சினிமாக் கொட்டகையின் முதல் வரிசை வரை தண்ணீர். தவளைகள் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. செட்டியார் வீட்டு நாச்சியம்மை ஆச்சி கடைவீதி வீட்டைப் பூட்டிவிட்டு மேட்டுத்தெருவில் குடியிருக்கிறார். ஊறுகாய் ஜாடிகளை முதலில் ஏற்றினார், செட்டியாரை அடுத்த வண்டியில் ஏற்றினார் என்று ஊரே சிரிக்கிறது.

ஆச்சி பேச்சு வந்ததால் அந்தப் படத்தின் பேச்சும் வந்துவிடுகிறது. அதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவு நேரம் தவளைக் கதை சொன்னேன்.

அந்தப் பேய்ப் படத்தை, தலைப்பு அறுந்துபோன அந்த நான்கு ரீல் ஊமைப்படத்தை, எட்டு வருஷமாகத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். பண்ணையார் புது மருமகளை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திக் கொன்றுவிடுகிறார். அவள் பேயாக வருகிறாள். அவ்வளவுதான் கதை; பேய் முதலிலேயே வந்துவிடும், அவள் செத்த விதம் மூன்றாம் ரீலில்தான் வரும். திரைக்குப் பக்கத்தில் வாயில் வைத்துப் பேசும் தகரக் குழாயோடு நின்று நான்தான் எல்லோருக்கும் குரல் கொடுப்பேன். பேய்க்கும் நானே, பண்ணையாருக்கும் நானே. நிற்கும் இடம் அப்படி, எனக்குத் திரை தெரியாது. ஜனங்கள் முகம்தான் தெரியும். எட்டு வருஷம் அதைத்தான் பார்த்தேன்.

பேயைக் கண்டு பயந்தவர்கள் கொஞ்சம்தான், மாப்பிள்ளை. நாச்சியம்மை ஆச்சி பேய் ஜன்னலில் கைவைத்தபோது முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் உயிரோடு இருந்தபோது, எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து பானையைச் சுரண்டுவாளே, அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துரைக்கே அஞ்சாத உங்கள் வேலு கங்காணி, காலித் தூளி தானாக ஆடும் இடத்தில் துண்டால் கண்ணைப் பொத்திக்கொள்வார். நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறேன். அவருக்கு மூன்று பிள்ளைகள் தூளியிலேயே போனது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நீ மட்டும் எதற்கும் பயப்பட்டதில்லை. ஒரு தடவை கேட்டதற்கு, பேய்க்குக் காலே கிடையாது மச்சான், அது எப்படித் துரத்தும், கால் இருக்கிறவனைக் கண்டால்தான் எனக்குப் பயம் என்றாய். அந்த வசனத்தைத் திருடி நாலு தோட்டத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

பண்ணையார் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்து, உள்ளே அவள் தட்டுவது கேட்காமல் இருக்க விருந்தாளிகளிடம் வேடிக்கை பேசுவாரே, அந்த இடத்துக்கு மட்டும் ஒருவரும் பயந்ததில்லை. அங்கேதான் நான் புகுந்து விளையாடுவேன். ஊரில் உள்ள வம்பையெல்லாம் பண்ணையார் வாயில் போட்டுப் பேசுவேன். கூரை பறக்கச் சிரிப்பார்கள்.

இனி ஆனி மாதம் நடந்தது. உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரியாததும் அதில் இருக்கிறது.

ஜப்பான்காரன் ஆபிசிலிருந்து வந்த மொழிபெயர்ப்புத் துபாஷி, தோட்டத்து ஜனங்களுக்கு இலவசப் படம், பகல் இரண்டு மணிக்கு, ரப்பர் ஸ்டோரில், ஜன்னலில் சாக்குக் கட்டி இருட்டாக்கிக் காட்டு என்றான். ஒவ்வொரு ரீலுக்கும் நடுவில் விளக்குப் போட்டுக் கதவைத் திறந்து, ஆட்கள் வெளியே போய்ச் சுருட்டுப் பிடித்துவிட்டு வருவது நம் வழக்கம். இன்றைக்கு அது வேண்டாம், கதவு சாத்தியே இருக்கட்டும், ரீல் மாற்றும் நேரத்தில் ஒருத்தரும் எழுந்துபோகாமல் நீதான் பேசிப் பிடித்துவைக்க வேண்டும், உன்னால்தான் முடியும் என்றான். அரை மூட்டை அரிசி என்றும் சொன்னான். நான் அரிசிக்கு மயங்கினேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். அந்த "உன்னால்தான் முடியும்" என்ற வார்த்தைக்கே மயங்கிவிட்டேன்.

சயாமுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று அப்போதே ஊரில் பேச்சு. ஸ்டோருக்குப் பின்னால் மூன்று லாரிகள் நின்றதையும் பார்த்தேன். ரப்பர் கித்தா ஏற்ற வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்தக் கித்தா? ஒரு வருஷமாக வாங்க ஆளில்லாமல்தானே அந்த ஸ்டோரே காலியாகக் கிடந்தது. அது தெரிந்துதானே அங்கே படம் காட்டினோம்.

உள்ளே நுழையும்போது நீ என்னிடம் சொன்னாய். வெள்ளைக்குக் குளிர்காய்ச்சல், மச்சான், தலைமாட்டில் தண்ணீர் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், நீங்கள் கூப்பிட்டீர்களே என்று வந்தேன், இரண்டாவது ரீல் முடிந்ததும் போய்விடுவேன் என்றாய். சரி மாப்பிள்ளை என்றேன்.

தூளி ஆடிய உடனே வேலு கங்காணி எழுந்து வெளியே ஓடினார். கதவு அப்போது சும்மா சாத்தித்தான் இருந்தது. நான் குழாயில் கத்தினேன், சபையோர்களே, கங்காணி ஓடிவிட்டார், வேட்டியைப் பத்திரமாகப் பாருங்கள் என்று. எல்லோரும் சிரித்தார்கள். மனுஷன் நிற்கவில்லை. இரண்டாம் ரீல் முடிந்தது. நீ எழுந்தாய். சொன்னபடிதான் எழுந்தாய். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. அடடா, இதோ தூளிக்குப் பயந்த இன்னொருவர், நம் சிங்கக்குட்டி சின்னத்தம்பியும் பெண்டாட்டி முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளப் போகிறார், வழிவிடுங்கள், வழிவிடுங்கள் என்றேன்.

அன்றைக்கு விழுந்த சிரிப்பைப் போல என் ஆயுசில் கேட்டதில்லை. நீ கதவைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

மூன்றாம் ரீல் ஓடும்போது வெளியே கதவுக்குக் குறுக்குக்கட்டை விழும் சத்தம் எனக்குக் கேட்டது. பண்ணையார் வேடிக்கை பேசும் இடம். நான் குரலைக் கூட்டிக்கொண்டேன்.

பிறகு நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்தொரு பேர். கதவு திறந்தபோது லாரியின் பின்பக்கம் வாசலை ஒட்டி நின்றது. பெண்களை ஒருபக்கம் ஒதுக்கினார்கள். கையில் தகரக் குழாய் இருந்தது. நாலு தோட்டத்துக்குக் கேட்கிற குழாய் அது. ஒரு வார்த்தை வரவில்லை எனக்கு.

அரிசி மறுநாள் வந்தது. திருப்பி அனுப்பினேன் என்று எழுத ஆசைதான். உலை வைத்தோம். சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது. வெள்ளையம்மாவும் அதைத்தான் சாப்பிட்டாள், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல்.

அவள் அடிக்கடி என்னிடம் ஒன்று கேட்பாள். நடுவிலேயே வந்துவிடுகிறேன் என்றுதானே அண்ணே போனார், ஏன் வரவில்லை, அவர் சொன்னால் சொன்னபடி செய்கிறவராச்சே என்பாள். நான் வெற்றிலையைத் தேடுவேன். இல்லாவிட்டால் ஜப்பான் சிப்பாய் சேற்றில் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லுவேன். சிரிப்பாள். அவள் சிரிக்கிறபோது நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பிள்ளைக்குக் காது குத்த வேண்டும், தாய்மாமன் மடி நீங்கள்தான் அண்ணே என்று போன வாரம் சொன்னாள். அன்றைக்குத்தான் உனக்கு எழுதத் தாள் தேட ஆரம்பித்தேன்.

பேயென்றால் இப்போது எனக்குப் பயமில்லை. அந்தப் பண்ணையார் கூடத்தில் நின்று வேடிக்கை பேசும் இடம் இருக்கிறதே, எட்டு வருஷத்தில் ஒருத்தரும் பயப்படாத இடம், அதை நினைத்தால்தான் எனக்குப் பயம். படத்தைச் சுருட்டிக் கொட்டகை மூலையில் போட்டேன். வெள்ளத்தில் ஊறிக் கிடக்கிறது. போகட்டும்.

மாப்பிள்ளை, நீ பயந்து எழுந்திருக்கவில்லை. நீ பயந்தாங்கொள்ளி என்று நான் சொன்னது பொய். காய்ச்சலில் கிடக்கும் பெண்டாட்டிக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்தாய். அது தெரிந்தே கேலி செய்தேன். அன்றைக்கு அந்தக் கேலியைக் கேட்டுச் சிரித்தவர்கள் எல்லோரும் இதையும் கேட்கட்டும். அதற்குத்தான் சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

கார்த்திகை 19, அந்தி.

மேலே எழுதியதை மடித்து ஒட்டப்போனேன். மனசு கேட்கவில்லை. உனக்குப் போய்ச்சேருமோ சேராதோ, சேராவிட்டால் நான் தப்பித்தவனாகிவிடுவேன் என்று பட்டது. வெள்ளையம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து முதலிலிருந்து படித்தேன். தவளை வந்த இடத்தில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. முடிந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். தனலெட்சுமி அழுதாள். இவள் அழவில்லை. மத்தியானம் எனக்குக் கிழங்கு எடுத்துவைத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் கனகராஜ் கடிதம் வாங்க வந்து நின்றபோது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடியில் இடம் விட்டிருக்கிறதா என்று கனகராஜிடம் கேட்டாள், என்னிடம் கேட்கவில்லை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, பிள்ளையின் உள்ளங்காலில் தடவி, தாளில் வைத்து அழுத்தினாள். அது சிணுங்கிக் காலை உதைத்துக்கொண்டதால் குதிகால் மட்டும் கொஞ்சம் இழுபட்டிருக்கிறது. மற்றபடி ஐந்து விரலும் விழுந்திருக்கின்றன.

அவருக்குக் கால் இருக்கிறது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள் என்றாள். அதையும் கனகராஜிடம்தான் சொன்னாள். பேய்க்குக் காலே கிடையாது என்ற உன் வசனம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

பத்துமலை முருகன் உன்னையும் உன்னோடு இருக்கிறவர்களையும் காப்பாற்றட்டும். எழுந்து நடக்க முடிகிற அன்றைக்கு எழுந்துவிடு, மாப்பிள்ளை. எந்த ரீலானாலும் சரி. ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். நான் வாய் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மச்சான் என்று சொல்லிக்கொள்ள நீ வந்துதான் அனுமதிக்க வேண்டும் என்று காத்திருக்கும்
வீரமுத்து