தண்ணீர் திறந்த நேரத்தில் நிற்கும் கடிகாரம்

இன்று காலை என் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. “ஏலே, தேதி தப்பு. நீ எங்கன கோட்டை விட்டேன்னு பாரு.” சோதனை தோற்றால் இப்படித்தான் திட்ட வேண்டும் என்று நிரலுக்குள் நீ எழுதி வைத்தது. செத்த பிறகும் என்னை ஏலே என்கிறாய்.

கூட வேலை செய்யும் செல்வி சிரித்தாள். “யாரு சார் இது, இப்படி ஏசுறாக?”

பழைய கூட்டாளி என்றேன். நண்பன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அனுமந்தன்பட்டியில் உங்கள் உரக்கடை மாடியில் நாம் எழுதிய லைப்ரரி, பலரும் எடுத்தாளும் நிரல் தொகுப்பு, இது. எந்த வயலுக்கு எந்த நாள் வாய்க்கால் தண்ணீர் முறை என்று கணக்கிடும். அதன் ஒவ்வொரு துண்டும் சரியான விடை தருகிறதா என்று பார்க்க ஒரு சிறு சோதனை. விடியுமுன் எழுந்து நான் ஓட்டினால் தேதிச் சோதனைகள் தோற்கும். பத்து மணிக்கு நீ வந்து ஓட்டினால் எல்லாம் தேறிப் பச்சை காட்டும். “மாப்ள, கோளாறு கணக்குல இல்ல, உன் தூக்கத்துல” என்று கடையாட்கள் முன்னால் கேலி செய்தாய். ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

கடைசியில் நீதான் கண்டுபிடித்தாய். கணினி உள்ளுக்குள் லண்டன் பக்கத்து நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நமக்குக் காலை ஐந்தரை ஆகும்வரை அதற்கு நேற்றுதான். நீ மன்னிப்புக் கேட்கவில்லை. கணக்கைத் திருத்தினாய். யார் எப்போது ஓட்டினாலும் எல்லாச் சோதனையும் ஒரே நேரத்தைக் காணும்படி ஒரு பொய்க் கடிகாரமும், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மாதிரி வயலும் செய்தாய். “இனிமே யாரு எழுதுனாலும் இந்தக் கடிகாரம், இந்த வயலு. அவனவன் இஷ்டத்துக்கு எழுதக் கூடாது.”

கடிகாரத்துக்கு என்ன நேரம் வைக்க என்று கேட்டேன்.

“தண்ணி தெறந்த நேரம்.”

அந்த வருடம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்த காலையில், அது மலையிலிருந்து வந்திறங்கும் லோயர் கேம்ப் பாலத்தில் நின்றோம். சாரல். என் துண்டை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டாய்.

பிறகு சென்னைக்குப் போனாய். ஒரு மேடையில் இந்த லைப்ரரியைப் பற்றி விலாவாரியாகப் பேசினாய். என் பெயர் வரவில்லை. எங்காவது தவறவிட்டேனோ என்று காணொளியை மறுபடியும் பார்த்தேன். இல்லை. போன தையில் நீ இறந்த செய்தி வந்தது. நெஞ்சுவலியோடு ஆட்டோவில் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாயாமே. அதை நினைக்கும்போது மட்டும் என் கோபம் ஓய்ந்துவிடுகிறது.

“சார், இந்தக் கடிகாரம், திட்டுறது எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா எழுதிரவா?” என்றாள் செல்வி. “நிரலுக்கு மேலயும் எழுதுனவுகன்னு அவுக பேரு மட்டும்தான இருக்கு.”

சரி என்ற ஒரு சொல் போதும். நீ மேடையில் எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்திருக்கலாம்.

“அங்கன கை வைக்காதம்மா. நீ எழுதுனதப் பாரு.”

உன் கடிகாரத்தை விட்டுவிட்டு இன்றைய தேதியை எழுதியிருந்தாள். அதை உன் கடிகாரத்துக்கு மாற்றியதும் எல்லாம் பச்சை.

உன்னை மன்னித்துவிட்டதாக எண்ணாதே. ஆனால் இந்தச் சோதனைகளை ஓட்டும்போதெல்லாம் அதே காலைதான். தண்ணீர் இப்போதுதான் வருகிறது. நீ இன்னும் சென்னைக்குப் போகவில்லை. என் துண்டு உன் தலையில் இருக்கிறது.