பழைய முகவரி கைக்கு வர இன்னும் பத்தொன்பது நாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். எங்கள் இருவரில் அம்மாதான் கூடுதல் நலம், பதினொரு நாளாக என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து முகமே தெளிந்துவிட்டது, காரணம் கீழே வரும். கையால் எழுதிய கடிதத்தைப் பார்த்துப் பதறிவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனதெல்லாம் எனக்குத்தான், அதையும் நானே செய்துகொண்டேன்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கதையில் அது மறந்துபோகும். அம்மா வேலை பார்க்கும் பல் டாக்டர் புது நாற்காலி வாங்கியிருக்கிறார். ஆள் வராத நேரத்தில் எப்படி இருக்கிறதென்று பார்க்க அம்மா அதில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டாள், டாக்டர் வந்து வாயைத் திறங்க என்றதும் இவளும் திறந்திருக்கிறாள், ஒரு சொத்தையைக் கண்டுபிடித்து அடைத்தும் அனுப்பிவிட்டார். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று நீ இருக்கும்போதே சொல்லிக்கொண்டிருந்தாயே, போன வாரம் நானே வாஷர் மாற்றினேன், இப்போது சொட்டுவதில்லை, ஒழுகுகிறது. உன் சித்தப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் முதலில் என்னைப் பார்த்து, என்னண்ணே உங்களுக்கு இவ்வளவு வயசாயிடுச்சு என்று கேட்டான். பார்வை நன்றாகவே வந்துவிட்டது என்று டாக்டரிடம் நானே சொன்னேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததும் ஆபீஸ் ஆட்களோடு நின்று எடுத்த படத்தை அந்தப் படம் போடுகிற தளத்தில் போட்டிருந்தாய் அல்லவா, நீ நடுவில், உனக்குக் கீழே வேலை பார்க்கிற எட்டுப் பேர் இரண்டு பக்கமும். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு வார்த்தை நல்லதாக எழுத வேண்டும் என்று அரைமணி நேரம் யோசித்து, ஏழு வயசு வரைக்கும் தினமும் பாயை நனைச்ச பொண்ணு இன்னிக்கு எட்டுப் பேருக்கு மேலதிகாரி, அப்பாவுக்குப் பெருமை, என்று எழுதினேன். என் மனதில் கடைசி இரண்டு வார்த்தைதான் கமெண்ட், மற்றதெல்லாம் முன்னுரை. தமிழ் தெரியாதவர்களும் ஒரு பொத்தானை அழுத்தினால் அவரவர் மொழியில் படிக்கலாம் என்பது எனக்கு எப்படித் தெரியும். எட்டுப் பேரும் அழுத்தியிருக்கிறார்கள் என்று அம்மா பிறகு சொன்னாள். மறுநாள் பார்த்தால் என் கமெண்ட்டைக் காணோம். நீதான் எடுத்திருக்கிறாய் என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பெற்ற மகளே அப்பனின் ஒரு வரியை அழித்துவிட்டாளா, சரி, நான் என்னையே அழித்துக்கொள்கிறேன் பார், என்று செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் முன், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக உட்கார்ந்து கணக்கையே நீக்கிவிட்டேன். நிச்சயமாகவா என்று அது மூன்று முறை கேட்டது. உன் அம்மாவைத் தவிர வேறு யாரும் என்னிடம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டதில்லை, அவளுக்குச் சொல்கிற பதிலையே அதற்கும் சொன்னேன்.

மூன்று மணி நேரம் பெரிய வீரன் மாதிரி வேலை பார்த்தேன். டீ குடிக்கும்போது போனைத் திறந்தால் ஈமெயிலில் ஒரு அறிவிப்பு கிடக்கிறது, உங்கள் மகள் உங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார் என்று. நேரம் பார்த்தேன், நான் நீக்குவதற்கு இருபது நிமிஷம் முன்னால் வந்தது. அதில் உன் செய்தியின் முதல் வரிகள் மட்டும் தெரிந்தன. அப்பா, கமெண்ட்டை எடுத்தது நான்தான், கோபப்படாதீங்க, உங்ககிட்ட நேரா ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா, என்பது வரைக்கும் இருந்தது, அதற்கப்புறம் மூன்று புள்ளி. முழுதும் படிக்க என்ற இடத்தை அழுத்தினால், இப்படி ஒரு கணக்கே இல்லை என்கிறது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு அதையே நாலு முறை அழுத்திப் பார்த்தேன் அம்மாடி.

இதென்ன பெரிய விஷயம், மூடியதைத் திறந்தால் போகிறது என்று நினைத்தேன். என் தொழிலில் பாதி வைத்தியம் அதுதானே, லிஃப்ட் முரண்டு பிடித்தால் மெயின் சுவிட்சை அணைத்து அரை நிமிஷம் நின்று திரும்பப் போட்டால் ஒழுங்காக ஓடும். அதே ஈமெயில் முகவரியைக் கொடுத்துப் புதிதாகக் கணக்கு தொடங்கப் போனேன். இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்றது. யார் பயன்படுத்துகிறார்கள், நான்தானே. சரி, இருக்கிற கணக்குக்குள்ளேயே போவோம் என்று அந்தப் பக்கம் போனால், அப்படி யாரும் இல்லை என்றது. ஒரு வாசலில் இருக்கிறாய் என்று விரட்டுகிறது, இன்னொரு வாசலில் இல்லை என்று விரட்டுகிறது, நடுவில் நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்கிறேன். போன் கடை அம்மணியிடம் கொண்டுபோனேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, புதுசா ஒரு ஈமெயில் முகவரி போட்டா ரெண்டு நிமிஷத்துல ஆயிடும் சார், இதே பேருக்குப் பின்னால ரெண்டுன்னு ஒரு நம்பர் சேத்துக்கலாம் என்றாள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ ஊரை விட்டுப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, உன் பள்ளிக்கூடத் தோழிகள் எனக்கு வைத்த லிஃப்ட்டப்பா என்ற பேரிலேயே அந்த முகவரியைப் போட்டுக் கொடுத்தாய். உலகத்தில் இந்தப் பேரை வேற யாரும் எடுக்கலப்பா, ஒரே தடவையில கிடைச்சிருச்சு என்று சிரித்தாய். அதை விட்டுவிட்டு நான் லிஃப்ட்டப்பா ரெண்டு என்று போய் நிற்கவா. முதலாமவன் எங்கே என்று யாராவது கேட்டால், கோபித்துக்கொண்டு காணாமல் போய்விட்டான் என்றா சொல்வது.

தளத்துக்காரர்களுக்கு ஒரு விரலால் தட்டி முறையீடு எழுதினேன், அதற்கே ஒரு மணி நேரம் பிடித்தது, மின்னஞ்சலில் உனக்கு இந்தக் கடிதத்தை எழுதாத காரணம் இப்போது புரிந்திருக்கும். ரொம்ப மரியாதையாகப் பதில் போட்டார்கள். நீக்கிய கணக்கின் முகவரியை முப்பது நாள் பிடித்து வைத்திருப்பார்களாம், அதற்கப்புறம் அதே முகவரியில் புதுக் கணக்கு தொடங்கலாமாம், ஆனால் பழைய செய்தி எதுவும் அதில் திரும்ப வராதாம். நீக்குவதற்கு முன்னால் கணக்கில் வேறொரு முகவரியை மாற்றி வைத்துவிட்டு நீக்கியிருந்தால் இந்த முகவரி அன்றைக்கே என் கைக்கு வந்திருக்குமாம். வெளியே போகிறவன் எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று யோசித்துவிட்டா கோபித்துக்கொள்வான். முப்பதில் பதினொன்று போய்விட்டது. முகவரிக்காகப் பத்தொன்பது நாள் என்ன, வருஷம் கூடக் காத்திருப்பேன். உன் கேள்வி போனது போனதுதான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இதை என்னோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன், அந்தக் குட்டையன், உனக்குத் தெரியும். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, ஏண்ணே, மெயினை அணைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மாடியிலயும் கதவைத் தட்டி உள்ள யாராவது இருக்கீங்களான்னு கேக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே, வீட்டுல மட்டும் கேக்க மாட்டீங்களா என்றான். நான் சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக ஒரு லிஃப்டிலும் ஆள் இருக்கும்போது மெயினை அணைத்ததில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். உள்ளே நீ நின்றுகொண்டு அப்பா என்று கூப்பிடும்போதே அணைத்திருக்கிறேன். அந்த யோசனையிலேயே போன வியாழக்கிழமை ஆறு மாடி வங்கிக் கட்டிடத்தில், சாவிக்கொத்தை மேலே மெஷின் அறையிலேயே வைத்துவிட்டு, பழுது பார்த்த லிஃப்டில் நானே ஏறி, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். விதிப்படி அவசர மணியை அழுத்தினேன். அழுத்தினால் மெக்கானிக்கின் போனுக்கு அழைப்பு போகும், அதை நான்தான் பொருத்தினேன். என் சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்துப் பேசவும் செய்தேன், பழக்கம்.

இந்த உண்மை மட்டும் வேடிக்கை இல்லாமல் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னோடு பேசி முடித்துவிட்டு வந்து, நீங்க அவ எழுதினதைப் படிச்சிட்டுத்தான் மூடிட்டுப் போயிட்டீங்கன்னு அவ நினைச்சிட்டிருக்கா, அதுதான் உங்க பதிலாம், என்று சொன்னாள். அப்படியில்லை என்று நீ சொல்லக் கூடாதா, அவள் என்னதான் கேட்டாள் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்ல மறுக்கிறாள். இத்தனை வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரியா ஓடினது போதும், முதல் தடவையா அவ உங்ககிட்ட நேரா கேட்டிருக்கா, நீங்களே பதில் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டாள். அவள் சொன்னது நியாயம். சைக்கிள் கேட்டாய், வேண்டாம் என்றேன். ஹாஸ்டல் கேட்டாய், வேண்டாம் என்றேன். தூர தேசத்து வேலைக்கும் வேண்டாம்தான். எல்லாவற்றையும் மூன்று நாள் கழித்து அம்மா வழியாகச் சரி என்று சொல்லி அனுப்பினேன், அதனால் நீ என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டாய். போனில் பேசி எல்லாவற்றையும் சரிசெய்வோம் என்று செவ்வாய்க்கிழமை பேச வேண்டியதையெல்லாம் சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டியா, அங்கே குளிரா, இந்தா அம்மாகிட்ட குடுக்கிறேன், அவ்வளவுதான். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்டது என்னவாக இருக்கும் என்று பதினொரு நாளாக மண்டையைக் குடைந்துகொள்கிறேன். இனிமேல் எங்கேயும் கமெண்ட் போடாதீங்க என்பதாக இருக்கலாம். யாரையாவது பிடித்திருக்கிறது என்பதாக இருக்கலாம், அப்படியென்றால் பையன் பாவம், என்னை மாமனாராக வைத்துக்கொண்டு என்ன செய்வான். அந்த வேலையை விட்டுவிடுகிறேன் என்பதாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். வாழ்நாளில் முதல் தடவையாக, கேள்வி என்னவென்று தெரியாமலே, மூன்று நாள் எடுத்துக்கொள்ளாமலே, அம்மாவை நடுவில் அனுப்பாமலே சொல்கிறேன்: சரி. நீ கேட்டதற்கு என் பதில் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கட்டிடத்து லிஃப்ட் நிற்கும்போது தரையைவிட ஒரு விரல் ஏறியோ இறங்கியோ நின்றால் அதில் ஏறாதே, படியில் போ, அங்கிருக்கும் மெக்கானிக் என்னை மாதிரி ஆளாக இருக்கலாம். உனக்குக் கீழே வேலை பார்க்கிற எட்டுப் பேரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல், ஏழு வயசு என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது, ஆறுதான். நீ நினைத்ததெல்லாம் நடந்து, நிறைந்த மனதோடு நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். பழைய கணக்குக்கு ஒன்றும் அனுப்பாதே, இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கே போன் செய், சாப்பிட்டியா என்று நான் ஆரம்பித்தால் நடுவில் வெட்டிப் பேசு.

என்றும் உன் அன்புள்ள,
லிஃப்ட்டப்பா (ஒரே ஒருவன், நம்பர் கிடையாது)

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டேதான் படித்தாள், கடைசிப் பக்கத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், உங்க பாஸ்போர்ட்டை எங்க வச்சீங்க என்று. இதுதானா நீ கேட்டது. போன வருஷம் அங்கே வரச்சொல்லி நீ அம்மாவிடம் சொல்லி அனுப்பியபோது, வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்று சொன்னேனே, அது பொய். நாற்பது மீட்டர் உயரத்தில் லிஃப்ட் கூரைமேல் நின்று டீ குடிப்பேன், தலைக்கு மேலே தாங்குகிற கயிறு தெரிகிறது. விமானத்தில் நிமிர்ந்து பார்த்தால் என்ன தெரியும் சொல். இப்போதே உள்ளங்கை வியர்த்து மை கலைகிறது. ஆனாலும் மேலே எழுதிய சரி என்ற அந்த ஒரு வார்த்தையை அழிக்க மாட்டேன். எனக்கு ஜன்னலோர இடம் மட்டும் வேண்டாம், அம்மாவுக்குப் போடு, நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.