கண்மாய்க் கரை வரைக்கும்

இன்று காலை திருச்சுழி பஸ்ஸுக்குள் கரிமூட்டப் புகை வந்தது. சாலையோரம் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி மூட்டம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த அக்கா முந்தானையைத் தலைவரை இழுத்து, மூக்கைப் பொத்திக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கணம் நீதான் ஜெபத்தில் இருக்கிறாய் என்று நினைத்து, மடியில் இருந்த பையைச் சத்தமில்லாமல் நகர்த்தினேன். நீ இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் என் கைகளை அந்தப் பழக்கம் விடவில்லை.

பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நான் பிடித்து வைத்திருக்கும் இடத்தில் ஓடிவந்து உட்காருவாய். நான் தாலுகா ஆபீஸுக்கு, நீ உன் பள்ளிக்கூடத்துக்கு. ஊரைத் தாண்டியதும் துப்பட்டாவைத் தலையில் போட்டுக் கண்ணை மூடுவாய். பெரிய கண்மாய்க் கரை வரும்போது திறப்பாய். உன் வீட்டு ஒற்றை அறையில் கிடைக்காத தனிமை, நிற்க இடமில்லாத அந்த பஸ்ஸில் உனக்குக் கிடைத்தது.

கண்டக்டர் விடமாட்டார். "என்ன டீச்சர், வண்டி எடுத்ததும் ஜெபத்த ஆரம்பிச்சிருறீக. டிரைவரு மேல நம்பிக்கை இல்லையா?"

"அவுக மேல இருக்குண்ணே. ஒங்க பிரேக்கு மேலதான் இல்ல."

எங்கள் அம்மாவுக்கு நீ வேறு சாமி கும்பிடுகிறவள் என்பதெல்லாம் கணக்கில்லை. "அந்தப் புள்ள கும்பிடுறப்ப நீ பேச்சுக் குடுத்துக்கிட்டு இருக்காத" என்று சொல்லித்தான் அனுப்புவாள். நானும் அப்படியே இருந்தேன். வரன் ஒன்றை நான் மறுத்ததிலிருந்து அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத காலம் அது. வீட்டில் இருந்த மௌனம் அடைத்தது. உன் பக்கத்தில் இருந்த மௌனத்தில் மூச்சுவிட முடிந்தது.

"ஜெபத்துல ஒம் பேரையும் சொல்லியிருக்கேன்" என்றாய் ஒருநாள்.

"எங்க குலசாமி கோவிச்சுக்கிடப் போகுது."

"அதுக்கும் சேத்துத்தான் சொல்லியிருக்கேன் புள்ள."

அப்படி என்னதான் கேட்பாய் என்றதற்கு, "சாயங்காலம் வரைக்கும் சமாதானம் குடும் ஆண்டவரேன்னு கேப்பேன். நாளைக்குள்ளத நாளைக்குப் பஸ்ஸுல கேட்டுக்கிடலாம்" என்றாய். மன அமைதியைப் பற்றி நான் வாசித்த தடித்த புத்தகங்கள் எதிலும் அதை அன்றன்றைக்குக் கேட்டு வாங்கலாம் என்று இருந்ததில்லை.

கடைசி மாதங்களில் கண்மாய்க் கரை வந்தும் உன் கண் திறக்கவில்லை. திருச்சுழி ஸ்டாண்டு வரை மூடியே வந்தாய். ஒரு கை வயிற்றின்மேல் இருக்கும். மறு கை முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருக்கும். உன் ஜெபம் ஆழப்பட்டிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன். "பேசாதீகண்ணே, அவ ஜெபத்துல இருக்கா" என்று கண்டக்டரைத் தடுத்து, உன் டிக்கெட்டையும் நானே எடுத்தேன்.

ஒரு காலை, பாதி வழியில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். உதடு அசைந்தது. நான் சிரித்துக்கொண்டே வாயில் விரல் வைத்து, "முடிச்சுட்டுப் பேசு புள்ள, நான் எங்க போகப் போறேன்" என்றேன். நீ லேசாகத் தலையாட்டி மறுபடி கண்ணை மூடிக்கொண்டாய்.

அதன் பின் சில நாட்களில் மதுரை ஆஸ்பத்திரி. உன் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வயித்து வலிய யார்ட்டயும் சொல்லல தாயி. பஸ்ஸுல கண்ண மூடிப் பல்லக் கடிச்சுக்கிட்டே போவேன்னு கடேசியிலதான் சொன்னா." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பவும் ஜெபந்தாம்மா பண்ணியிருப்பா" என்றும் சொன்னார்.

பண்ணியிருப்பாய். வலியும் ஜெபமும் ஒரே துப்பட்டாவுக்குள் இருந்திருக்கும். நான் அதில் ஒன்றை மட்டும் பார்த்தேன். அன்று நீ சொல்ல வந்தது வலியையா, வெறுமனே ஜன்னலைச் சாத்து என்பதையா, எனக்கு இனி தெரியப்போவதில்லை. நான் அவ்வளவு கவனமாகக் காவல் காத்த மௌனத்துக்குள் நீ தனியாக இருந்தாய்.

அப்பா இப்போது பேசுகிறார். உன் ஜெபமா, வயதா, தெரியாது. உன்னிடம் சொல்லியிருந்தால் "ரெண்டுந்தான்" என்றிருப்பாய்.

இன்று புகை விலகியும் அந்த அக்கா கண்ணைத் திறக்கவில்லை. தோளைத் தொட்டு, "என்னக்கா செய்யுது?" என்று கேட்டேன்.

"ஒன்னுமில்லத்தா, ராத்திரி ஒறக்கமில்ல" என்றவர், மகன் டிராக்டருக்கு லோனு போட்ட கதையைத் திருச்சுழி வரை சொல்லிக்கொண்டு வந்தார். கண்மாய்க் கரையை நான் கவனிக்கவே இல்லை.

மற்ற நாட்களில் நானும் அந்தக் கரை வரைக்கும் உன் ஆண்டவரிடம் கேட்கிறேன், சாயங்காலம் வரைக்கும் போதுமானதை. பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. கண்ணை மட்டும் மூடுவதில்லை.