அன்புள்ள மருதையன்

ஆகஸ்ட் 4, திங்கள்

"அன்புள்ள மருதையன்" என்று ஒரு மெயில். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. இருந்தபோதும் அவருக்கு மெயில் கிடையாது.

எங்கள் விதைக் குழுவின் டொமைன், அதுதான் கடைமடை டாட் காம், அதற்குப் புது மெயில் முகவரி கொடுத்தேனே வெள்ளிக்கிழமை, அதைப் பதினைந்து நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் தளத்தை நிறுத்திவிடுவார்களாம். கீழே அமுக்கச் சொல்லி ஒரு நீலப் பட்டன். இப்படி ஒன்றை அமுக்கித்தான் எங்கள் குழுச் சுடர்விழி தன் வாட்ஸாப்பையே பறிகொடுத்தாள். செத்துப்போனவர் பேரைச் சொல்லி என்னை ஏமாற்றலாம் என்று எவனோ உட்கார்ந்திருக்கிறான். அழித்துவிட்டேன்.

அப்பா பேர் அவனுக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 9

மறுபடி அன்புள்ள மருதையன். மறுபடி அழித்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் திருத்துறைப்பூண்டியிலிருந்து சாமிதுரை அண்ணன் போன். "என்னம்மா செம்மொழி, விதை கேட்டு எழுதலாம்னு பாத்தா உங்க பக்கமே தொறக்கலையே." திறந்து பார்த்தேன். எங்கள் வயல் படம் இல்லை, நெல் பட்டியல் இல்லை. 'இந்தப் பெயர் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வெள்ளைப் பக்கம்.

சம்பா விதைப்புக்கு ஆட்கள் விதை தேடும் நேரம். இந்த இரண்டு வாரத்தை விட்டால் நாற்பது பெண்கள் பொறுக்கிக் காயவைத்த விதை அடுத்த வருஷத்துக்கு முளைக்குமா என்று யார் சொல்வது?

ஆகஸ்ட் 19

யோசிக்க யோசிக்க ஒரே ஆள்தான் வருகிறான். இளவழகன். எங்கள் தெருப் பையன், தளத்தை உருவாக்கிக் கொடுத்தவன். உள்ளே நுழைய ஓடிபி அவன் போனுக்குத்தான் போகும்; மெயில் முகவரி மாற்றிய அன்றுகூட அவனிடம் கேட்டுத்தான் நுழைந்தேன். இப்போது மயிலாடுதுறையில் ஒரு அரிசிக் கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனி முதலாளி தை மாதமே, "கடைமடைங்கிற பேரை எங்களுக்குக் குடுத்துடுங்களேன்" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அப்பா பேர் தெரிந்தவன், சாவி கையில் இருப்பவன், பேரை விரும்பும் ஆளிடம் சம்பளம் வாங்குபவன். இன்னும் என்ன வேண்டும்?

ஓடிபி கேட்டுப் பார் என்கிறாள் சுடர்விழி. அவனிடமே போய்ச் சாவி கேட்பதா?

குழு வாட்ஸாப்பில் போட்டுவிட்டேன் — நம்ம பேரை இளவழகன் வித்துட்டான்னு நினைக்கிறேன். போட்டதும் அழிக்கலாமா என்று தோன்றியது. அழிக்கவில்லை.

'இளவழகன் வெளியேறினார்' என்று மட்டும் வந்தது. குற்றமுள்ள நெஞ்சுதானே ஓடும்.

ஆகஸ்ட் 20

ஒரு போன், இந்தியும் ஆங்கிலமுமாக. டொமைன் கம்பெனியிலிருந்தாம். "மிஸ்டர் மருதையன்?" கட் செய்தேன்.

இதெல்லாம் என்ன என்று அம்மா கேட்டாள். பேரைப் பதிந்து வைக்கிற கம்பெனி, ரிஜிஸ்ட்ரார் என்பார்கள் என்றேன். அம்மாவுக்கு ரிஜிஸ்ட்ரார் என்றால் பத்திர ஆபீஸ்தான்.

"அப்ப வில்லங்கம் போட்டுப் பாத்தியா? யாரு பேர்ல இருக்குன்னு பாக்காமயே புள்ளைய திருடன்ட்டியா?"

கோபம்தான் வந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

நான் கேட்க மாட்டேன் என்று தெரிந்து அம்மாவே அவனுக்குப் போன் போட்டாள். அரை நிமிஷத்தில் ஓடிபியின் ஆறு எண்ணையும் சொல்லிவிட்டான். ஏன் இவ்வளவு சீக்கிரம், போனைக் கையில் வைத்துக் காத்திருந்தானா என்றுதான் அப்போதும் தோன்றியது. என் புத்தி அப்படி.

உள்ளே போனேன். பேரை யாரும் விற்கவில்லை. யாரும் மாற்றவில்லை. உரிமையாளர்: முதல் கட்டத்தில் செம்மொழி. இரண்டாவது கட்டத்தில் மருதையன்.

நான் நிரப்பியதுதான். கீழ்வேளூர் பிரவுசிங் சென்டரில். நமக்கு ஏது இரண்டாவது பேர்? இனிஷியலைப் போட்டேன், ஒற்றை எழுத்தை ஏற்க மாட்டேன் என்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "என் பேரையே போடேன், இனிஷியல்னா அதானே" என்றார். போட்டேன். கம்பெனிக்காரன் இரண்டாவது பேரைப் பிடித்துக்கொண்டு அன்றிலிருந்து என்னைத்தான் மருதையன் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். பழைய மெயிலை நான் திறந்து பார்த்ததே இல்லை. மெயிலும் உண்மை, கெடுவும் உண்மை, போனும் உண்மை.

மெயிலை மறுபடி அனுப்பச் சொல்லி நீலப் பட்டனை அமுக்கினேன். அழுதேன். தளத்துக்காக இல்லை.

ஆகஸ்ட் 22

தளம் வந்துவிட்டது. மதியத்துக்குள் பதினோரு பேர் விதை கேட்டு எழுதியிருக்கிறார்கள். சாமிதுரை அண்ணன் முதல் ஆள்.

குழுவில் எழுதினேன்: தப்பு என் மேல், இளவழகன் மேல் இல்லை. நாற்பது பேரும் பார்த்தார்கள். பார்க்க வேண்டியவன் அதில் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இளவழகனுக்குப் போன் செய்தேன். மன்னிச்சுக்கப்பா என்றேன்.

"பரவால்லக்கா. அந்தப் பேரைக் கேட்டதுலேர்ந்து முதலாளிகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டு இருக்கிறவன் நான். உங்ககிட்ட சொல்லி ஏன் பயமுறுத்தணும்னு விட்டுட்டேன்." பிறகு, "ஓடிபிக்கு உங்க நம்பரைப் போட்டுட்டு என் நம்பரை எடுத்துடறேன். நாளைக்கு எது காணாமப் போனாலும் மொதல்ல என் பேரு வரக் கூடாது பாருங்க."

குழுவுக்குத் திரும்பி வா என்றேன். வேலை இருக்குக்கா என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம் மெயில் வந்தது. இந்த முறை அழிக்கவில்லை, முழுதாகப் படித்தேன். அன்புள்ள மருதையன், உங்கள் கணக்கிலிருந்து இளவழகன் என்பவரின் எண் நீக்கப்பட்டுள்ளது. இதற்குக் காரணம் நீங்கள்தானா?

ஆம், இல்லை என்று இரண்டு பட்டன்கள்.

ஆம் என்பதை அமுக்கினேன்.